சாமுலாவிலிருந்து விலக்கப்பட்டவர்கள்

துக்ஸ்த்லாவில் வியர்த்துக்கொண்டு பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஸ்வெட்டரைத் தேட வேண்டியிருக்கிறது. சாலை மேகத்துக்குள் நுழைந்து வெளியேறி, 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கில் போய் நிற்கிறது. சான் கிறிஸ்தோபல் தே லாஸ் காஸாஸ். மெக்சிகோவின் தென்கோடி மாநிலமான சியாபாஸின் பழைய தலைநகர்; இன்றைய தலைநகர் துக்ஸ்த்லா. ஊர்ப்பெயரிலேயே ஒரு புனிதரும் ஓர் ஆயரும் இருக்கிறார்கள். அந்த ஆயர் பர்த்தொலொமே தே லாஸ் காஸாஸ் 1545-இல் இங்கே வந்தார். பழங்குடிகளை அடிமைகளாக வைத்திருக்கும் ஸ்பானியர்களுக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்று அறிவித்தார். ஊர்ப் பெரியவர்கள் அவரை இருக்க விடவில்லை. அடுத்த ஆண்டே கிளம்பிவிட்டார். பிற்காலத்தில் அவர் பெயரையே ஊருக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

ஓட்டு வீடுகள், மஞ்சள் பூசிய கதீட்ரல், சர்க்கரையில் செய்தது போன்ற முகப்புடன் சாந்தோ தோமிங்கோ ஆலயம் என்று எங்கே திரும்பினாலும் கத்தோலிக்கம்தான். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. 2020-இல் மெக்சிகோ நாட்டினரில் 77.7 சதவீதம் பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்று பதிந்தார்கள். சியாபாஸில் அது 53.9 சதவீதம், நாட்டிலேயே மிகக் குறைவு. பிராட்டஸ்டண்ட், சுவிசேஷ சபையினர் மட்டும் மக்களில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டார்கள். மாயா வம்சத்து ட்சோட்சில், ட்செல்டல் மொழிக்காரர்கள் வாழும் மலைநாட்டில் இந்த மாற்றம் இரத்தம் சிந்தித்தான் நடந்தது. அதன் மையம் சான் கிறிஸ்தோபலுக்குப் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சான் ஹுவான் சாமுலா.

சந்தைக்குப் பக்கத்திலிருந்து காம்பி என்று அழைக்கப்படும் வேன்கள் சாமுலாவுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. என் வேனில் கறுப்புக் கம்பளிப் பாவாடை அணிந்த பெண்கள் மடியில் மூட்டைகளோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஸ்பானிஷ் பேசவில்லை. இறங்கியதும் பெரிய சதுக்கம். அதன் கோடியில் வெள்ளைச் சுவரும், பச்சையும் நீலமும் பூசிய வாசல் வளைவுமாக யோவான் ஸ்நானகர் ஆலயம். நுழைவுச்சீட்டு உண்டு. உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது. எடுத்தவர்களின் கேமராவைப் பிடுங்கியதும், ஜெயிலில் வைத்ததும் பற்றிய கதைகளை எல்லா வழிகாட்டிகளும் ஆர்வமாகச் சொல்கிறார்கள்.

உள்ளே பெஞ்சுகள் இல்லை. தரை முழுக்கப் பச்சைப் பைன் ஊசிகள். அவற்றை விலக்கிக் கல்தரையில் வரிசை வரிசையாக மெழுகுவத்திகளை ஒட்டி ஏற்றியிருக்கிறார்கள். இருபக்கச் சுவர்களிலும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் புனிதர்களின் சுரூபங்கள், மார்பில் கண்ணாடித் துண்டுகள் தொங்க. ஒரு குடும்பம் மண்டியிட்டிருந்தது. நோய் தீர்க்கும் கிழவி முணுமுணுவென்று மந்திரம் போல ஏதோ ஓதினார்; நிறுத்தாமல், மூச்சு வாங்காமல். கரும்புச் சாராயமான போஷ் ஒரு சிறு கோப்பையில் சுற்றி வந்தது. கூடவே கோலா பாட்டில்கள். கோலா குடித்து ஏப்பம் விட்டால் கெட்ட ஆவி வெளியேறும் என்பது வழிகாட்டிகளின் விளக்கம். கிழவி ஒரு கோழியை நோயாளியின் உடம்பைச் சுற்றிக் காட்டினார்; பிறகு அதன் கழுத்தைத் திருகினார். பாதிரியார் இங்கே குடியிருப்பதில்லை. திருமுழுக்குக் கொடுக்க வந்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

சுற்றுலாக்காரர்களுக்கு இது மாயாஜாலமாகத் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தரையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்திகளையும், காலியான பாட்டில்களையும், கோழியையும் சேர்த்து மனத்துக்குள் விலை போட்டுப் பார்த்தபோது வேறு ஒன்று புரிய ஆரம்பித்தது. ஒரு பிள்ளையின் காய்ச்சலுக்கு ஒரு குடும்பம் பல நாள் கூலியைத் தரையில் எரிக்கிறது. இது தனி வீட்டுச் செலவு. ஊர்ச் செலவு இதைவிடப் பெரியது. ஒவ்வொரு புனிதருக்கும் ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் நியமிக்கப்படுகிறார்கள். பொறுப்பேற்றவர் தன் குக்கிராமத்தை விட்டு ஊர் மையத்துக்குக் குடிவர வேண்டும். ஓராண்டு முழுக்க மெழுகுவத்தி, வாணவெடி, வாத்தியக்காரர் கூலி, வருகிறவர்களுக்குச் சாப்பாடு, போஷ் எல்லாம் அவர் கைக்காசு. கௌரவம் பெரிது, அதனால் காத்திருப்போர் பட்டியலும் உண்டு. முடிந்ததும் கடன். அந்தக் கடனை அடைக்கப் பசிபிக் சரிவிலுள்ள காபித் தோட்டங்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போவது சாமுலா ஆண்களுக்குப் பல தலைமுறைப் பழக்கமாக இருந்தது.

பொறுப்பு ஏற்காத வீட்டுக்கும் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு தலைக்கட்டும் திருவிழா வரி கொடுத்தாக வேண்டும்.

இந்தச் சாராயமும் கடனும் யாருக்குப் போயின என்பதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில், லாசரோ கார்தெனாஸ் ஜனாதிபதியாக இருந்தபோது, எராஸ்தோ உர்பினா என்ற அரசு அதிகாரி இந்த மலைநாட்டுக்குள் வந்தார். ஸ்பானிஷ் எழுதப் படிக்கத் தெரிந்த பழங்குடி இளைஞர்களைத் தேடிப் பிடித்து ஊர் எழுத்தர்களாக்கினார். தோட்ட முதலாளிகளிடமிருந்து ஊரைக் காப்பதே அவர்கள் வேலையாக இருந்தது; முதலில் ஓரளவு செய்யவும் செய்தார்கள். சாராய விற்பனை உரிமை ஊரின் சமயப் பொறுப்பாளர்களுக்கு என்று ஆனதும் அந்த இளைஞர்கள் சமயப் பொறுப்புகளிலும் அமர்ந்தார்கள். பத்து இருபது ஆண்டுகளில் லாரி அவர்களுடையது, கந்துவட்டி அவர்களுடையது, சாராயமும் பிறகு வந்த கோலா ஏஜென்சியும் அவர்களுடையது. ஊரின் வாக்குகளை அன்று நாட்டை ஆண்ட பி.ஆர்.ஐ. கட்சிக்கு மொத்தமாக அள்ளிக் கொடுத்ததும் அவர்களே. மானுடவியலாளர் ஜான் ரஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவரைப் படித்த பிறகு சாமுலாவின் ‘பழமை’ என்று சொல்லப்படுவதில் எவ்வளவு பழையது என்ற சந்தேகம் வராமல் இருக்காது.

இங்கே கத்தோலிக்கமே ரோமின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதாக இருந்ததில்லை. 1712-இல் கான்கூக் கிராமத்தில் மரியா தே லா கந்தெலாரியா என்ற சிறுமி, தனக்கு மாதா காட்சி கொடுத்ததாகச் சொன்னாள். திருச்சபை ஏற்கவில்லை. மக்கள் தாங்களே குருக்களை நியமித்துக்கொண்டு ஸ்பானியருக்கு எதிராகக் கிளம்பினார்கள். முப்பது கிராமங்கள் வரை சேர்ந்தன. படை வந்து நசுக்கியது. 1867-இல் சாமுலாவைச் சேர்ந்த அகுஸ்தீனா கோமெஸ் சேசெப் என்ற பெண்ணிடம் கற்கள் பேசின. கற்களைப் பார்க்கக் கூட்டம் கூடியது, கூட்டத்தோடு சந்தையும் கூடியது, சான் கிறிஸ்தோபல் வணிகர்களுக்கு வியாபாரம் படுத்தது. 1869-இல் கொலைகளில் முடிந்தது. ரொசாரியோ காஸ்தெல்லானோஸ் 1962-இல் வெளியிட்ட ‘ஒஃபீசியோ தே தினியெப்லாஸ்’ நாவல் இந்தக் கலகத்தை 1930களுக்கு நகர்த்திச் சொல்வது. இந்த மலையில் சாமியும் சந்தையும் எப்போதும் சேர்ந்தே இடம் மாறியிருக்கின்றன.

இந்த இடத்துக்குத்தான் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் வந்தார்கள். அமெரிக்கரான கேமரன் டவுன்செண்ட் கார்தெனாஸின் நண்பர். அவர் தொடங்கிய மொழியியல் நிறுவனம் பழங்குடி மொழிகளுக்கு அரிச்சுவடி எழுதித் தரும் என்று அரசு இடம் கொடுத்தது. ட்செல்டல் மக்களிடம் வேலை செய்ய வந்தவர் பில் பென்ட்லி. 1941-இல், திருமணத்துக்குச் சில நாட்களே இருந்தபோது அவர் இறந்துபோனார். மணப்பெண்ணாக இருந்த மரியானா ஸ்லோகம் அந்த வேலையை நான் செய்கிறேன் என்று கிளம்பி வந்தார். ஓஷ்ச்சுக் பகுதியில் ஃப்ளோரன்ஸ் கெர்டெல் என்ற தாதியுடன் தங்கி, 1956-இல் ட்செல்டல் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். பின்னாளில் இருவரும் கொலம்பியாவுக்கு இன்னொரு மொழியைத் தேடிப் போய்விட்டார்கள். இறையியலைவிட கெர்டெலின் மருந்துப் பெட்டிதான் முதலில் வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன். கோழியும் போஷும் மெழுகுவத்தியும் இல்லாமல் காய்ச்சல் இறங்கும் என்றால், அந்தச் செலவைக் கேட்டுக்கொண்டிருந்த உலகம் முழுவதும் ஆட்டம் காண்கிறது.

சாமுலாவில் அயல்நாட்டினர் தங்க முடியாது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த கென் ஜேகப்ஸும் அவர் மனைவி எலைனும் சான் கிறிஸ்தோபலில் இருந்துகொண்டே, ஊரைவிட்டு வந்த சாமுலாக்காரர்களோடு உட்கார்ந்து சாமுலா வழக்கிலேயே புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார்கள். 1960களின் நடுவில் அவர்களிடம் வந்தவர்களில் ஒருவர் மிகெல் கோமெஸ் எர்னாந்தெஸ். ஊருக்குள் ‘காஷ்லான்’ என்று பட்டப்பெயர், அதாவது வெளியாள். சாமுலாவின் முதல் பிராட்டஸ்டண்ட் தலைவர் அவர்தான். அவரைச் சேர்ந்தவர்கள் குடிப்பதை நிறுத்தினார்கள். திருவிழா வரியை நிறுத்தினார்கள். மெழுகுவத்தி வாங்குவதை நிறுத்தினார்கள். ஊர் முதலாளிகளுக்கு இதைவிட நேரடியான அறைகூவல் இருக்க முடியாது. ஒரு தெய்வத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனதற்காகவே அவர்கள் வீடு எரிந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. குடிக்காதவன் கடையில் பற்றுவைப்பதில்லை; கடன் இல்லாதவன் சொன்ன இடத்தில் வாக்குப் போடுவதில்லை.

1974-இல் கூட்டம் கூட்டமாகத் துரத்த ஆரம்பித்தார்கள். இரவில் வந்து ஊர்ச் சிறையில் அடைப்பார்கள், அடிப்பார்கள், லாரியில் ஏற்றி நகர எல்லையில் கொட்டிவிடுவார்கள். நம் கிராமங்களின் ஊர்விலக்கு தெருவோடு, கிணற்றோடு நிற்கும். இங்கே நிலம், வீடு, சோளப்பயிர், ஆடு அனைத்தும் போயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் துரத்தப்பட்டவர்கள் முப்பதாயிரம் பேர் வரை இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. காஷ்லான் 1981-இல் கொல்லப்பட்டார். பி.ஆர்.ஐ. அரசாங்கம் இதைப் பழங்குடி மரபுரிமை என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டது. கொத்தாக விழும் வாக்கை யார்தான் பகைத்துக்கொள்வார்கள்?

துரத்தப்பட்டவர்களில் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள் என்பதை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை. 1960 முதல் 2000 வரை சான் கிறிஸ்தோபல் ஆயராக இருந்தவர் சாமுவேல் ரூயிஸ். வந்தபோது சாதாரணப் பழமைவாதி. மலைக்கிராமங்களைக் கோவேறு கழுதைமேல் சுற்றிச் சுற்றி மாறியவர். மொழிகளைக் கற்றார். ஆயிரக்கணக்கான உபதேசியார்களை உருவாக்கினார். 1974 அக்டோபரில் அவருடைய முயற்சியில் நான்கு மொழிக்காரர்களின் பிரதிநிதிகள் ஆயிரம் பேருக்கு மேல் கூடி நிலம், வணிகம், கல்வி, உடல்நலம் பற்றிப் பேசினார்கள். அந்த உபதேசியார்களும் சாராயத்தையும் கந்துவட்டியையும் கேள்வி கேட்டார்கள். சாமுலா முதலாளிகள் மறைமாவட்டத்தின் பாதிரியாரையே வெளியேற்றிவிட்டு, துக்ஸ்த்லாவில் இருந்த ஓர் ஆர்த்தடாக்ஸ் சபையிடமிருந்து குருவை வரவழைத்துக்கொண்டார்கள். ஆக, ‘கத்தோலிக்கப் பாரம்பரியத்தைக் காக்கிறோம்’ என்று சொல்லி அண்டை வீட்டுக்காரரைத் துரத்தியவர்கள், தங்கள் ஆயரையே கைகழுவியவர்கள்.

சான் கிறிஸ்தோபலின் வடக்கு விளிம்பில், சுற்றுச்சாலையைத் தாண்டி, மலைச்சரிவில் ஏறிக்கொண்டே போகிறது லா ஓர்மிகா. ‘எறும்பு’ என்று பெயர். ஊரைவிட்டு வந்தவர்கள் எழுப்பிய குடியிருப்பு. இதற்கு முன்பே நுயேவா எஸ்பெரான்சா, தெற்கே பெத்தானியா என்று குடியேற்றங்கள் உருவாகிவிட்டன. பெத்தானியா நேராக விவிலியத்திலிருந்து எடுத்த பெயர். சாந்து பூசாத கான்கிரீட் கல் வீடுகளும் மொட்டைமாடிகளில் முளைத்த கம்பிகளுமாக இருக்கிறது லா ஓர்மிகா. மாடி கட்டக் காசு வரும் என்ற நம்பிக்கை அந்தக் கம்பிகளில் நிற்கிறது. இரண்டு தெருவுக்கு ஒரு சபை. பிரெஸ்பிடீரியன், பெந்தெகொஸ்தே, அட்வென்டிஸ்ட், யெகோவா சாட்சிகள். ஞாயிறு காலையில் கீபோர்டும் டிரம்ஸும் ஒலிபெருக்கியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பாட்டு ட்சோட்சிலில். உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கம்பளிப் பாவாடை அதேதான். போதகர் மேடையிலிருந்து அறிவிப்பு வாசித்தார்: யார் வீட்டில் துக்கம், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, நகராட்சிக்கு மனுக் கொடுக்க யார் யார் வர வேண்டும். சாமுலாவில் ஊர்க்கூட்டம் செய்த வேலையைச் சபை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஊரை விட்டுவந்தவர்கள் ஊரையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள்.

நகரத்துக்கு இது லேசான விஷயமாக இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பழங்குடிகள் இங்கே நடைபாதையில் நடக்கக் கூடாது. வெள்ளைத்தோல்காரர் எதிரே வந்தால் தெருவில் இறங்கி வழிவிட வேண்டும். இருட்டிய பிறகு நகரத்துக்குள் இருக்கக் கூடாது. 1970-இல் முப்பதாயிரம் பேர்கூட இல்லாத நகரம் அது. இன்று நகராட்சி எல்லைக்குள் இரண்டு லட்சத்துக்கு மேல். காய்கறிச் சந்தை, பூ வியாபாரம், டாக்ஸி, காம்பி வழித்தடங்கள் பெரும்பாலும் துரத்தப்பட்டவர்கள் கையிலும் அவர்கள் பிள்ளைகள் கையிலும் இருக்கின்றன. சாந்தோ தோமிங்கோவைச் சுற்றிக் கைவினைப்பொருள் விற்கும் பெண்களில் பலர் அந்தக் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள். சாமுலாவின் முதலாளிகள் செய்த வன்முறையால் ஸ்பானிய வம்சாவளியினரின் நகரம் மாயாக்களின் நகரமாகவும் ஆகிவிட்டது. இதை அவர்கள் நினைத்துச் செய்யவில்லை.

மாறியவர்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை என்பதும் இங்கே விசேஷம். 1994 ஜனவரி 1 அன்று ஸபதிஸ்தாக்கள் என்ற பழங்குடிக் கிளர்ச்சிப் படையினர் சான் கிறிஸ்தோபலைக் கைப்பற்றியபோது உலகமே இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. பார்த்தவர்களில் கிரனாடாவிலிருந்த ஸ்பானிய முஸ்லிம்களும் இருந்தார்கள். அப்துல்காதிர் அஸ்ஸூஃபி என்ற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கிய முராபிதூன் இயக்கத்தினர். அடுத்த ஆண்டளவில் வந்து குடியேறினார்கள். ஸபதிஸ்தாக்களின் குரலாக இருந்த சப்கமாண்டர் மார்கோஸுக்கு எழுதிப் பார்த்தார்கள், அங்கே எடுபடவில்லை. துரத்தப்பட்ட சாமுலாக்காரர்களிடம் எடுபட்டது. ரொட்டிக்கடை, தச்சுப்பட்டறை, குர்ஆன் பள்ளி வந்தன. பிறகு உரசல். ஸ்பானியத் தலைவர்களின் கட்டுப்பாடு பிடிக்காமல் பலர் பிரிந்துபோய்த் தங்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் வைத்துக்கொண்டார்கள். அஹமதியாக்களும் இருக்கிறார்கள். எல்லாம் சேர்த்துச் சில நூறு பேர்தான். மூன்று தலைமுறைக்குள் புனித யோவானின் ஊரிலிருந்து மக்காவுக்குப் போய்வந்த குடும்பங்கள் உண்டு. ஒரு மதத்திலிருந்து துணிந்து வெளியேறிய வீட்டுக்கு இரண்டாவது வெளியேற்றம் அவ்வளவு பயமாக இருப்பதில்லை போலும்.

மதம் மாறுவதில் பெண்கள் ஏன் முன்னால் போனார்கள் என்று சந்தையில் கேட்டேன். சோளம் விற்றுக்கொண்டிருந்த அம்மா, கேள்வியே முட்டாள்தனம் என்பதுபோல் பார்த்தார். “என் அப்பா குடித்தார். என் புருஷன் குடிப்பதில்லை” என்றார். பிறகு காசை எண்ண ஆரம்பித்துவிட்டார். இதே மலைநாட்டிலுள்ள செனாலோவில் குடியையும் பெண்களையும் பற்றி ஆராய்ந்த கிறிஸ்டின் ஈபர் இதைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். சடங்குக்கு ஊற்றிய சாராயம் சடங்கோடு நிற்கவில்லை. அது இரவில் வீட்டுக்கு வந்தது.

ஆனாலும் மதம் மாறியதும் சமாதானம் வந்துவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதே செனாலோவில், அக்தேயால் என்ற குக்கிராமத்தில், 1997 டிசம்பர் 22 அன்று, ஜெபத்துக்காகக் கூடியிருந்த ‘லாஸ் அபேஹாஸ்’ என்ற அமைதிவழிக் கத்தோலிக்கக் குழுவினர் 45 பேர் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கைதானவர்களில் பிரெஸ்பிடீரியன்கள் கணிசமாக இருந்தார்கள். சாட்சியங்கள் முறைகேடாகத் திரட்டப்பட்டவை என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் பலரை விடுவித்தது. கொன்றது மதமல்ல, அரசு ஆதரவுடன் ஆயுதம் ஏந்திய கட்சிக் கும்பல் என்பது பொதுவான வாசிப்பு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் கும்பலில் நிற்க ஜெபக்கூட்டம் தடையாக இருக்கவில்லை. சான் கிறிஸ்தோபலின் வடக்கிலும் இப்போது வேறு பயம். 2022 ஜூனில் ஆயுதக்காரர்கள் சந்தைப் பகுதியைப் பல மணி நேரம் பிடித்து வைத்திருந்தார்கள். 2024 அக்டோபர் 20 அன்று, ஞாயிறு திருப்பலி முடித்துவிட்டு வந்த மார்செலோ பெரெஸ் என்ற பாதிரியாரைச் சுட்டுக் கொன்றார்கள். ட்சோட்சில் இனத்தவர், சமாதானம் பேசித் திரிந்தவர்.

கதீட்ரலில் ரூயிஸின் கல்லறை இருக்கிறது. 2016 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ் வந்து அங்கே நின்று ஜெபித்தார். மனைவியோடு சேர்ந்து ஊழியம் செய்யும் பழங்குடித் திருத்தொண்டர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று வத்திக்கான் 2002-இல் புதிய நியமனங்களுக்குப் போட்ட தடையை 2014-இல் நீக்கியவரும் அவர்தான். சொந்த மொழி, சொந்த ஊழியர், சொந்தப் பாட்டு என்று பிராட்டஸ்டண்ட் சபைகள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கொடுத்ததை ரோம் மெதுவாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பந்தயத்தில் பின்தங்கியவரின் வேகம் என்று இதைக் கிண்டல் செய்யலாம். ரூயிஸ் தன் காலத்திலேயே இதைத்தான் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசியாக என்னைச் சாமுலாவின் குக்கிராமங்களுக்குள் அழைத்துப் போனவர் லா ஓர்மிகாவில் வளர்ந்த டாக்ஸிக்காரர். அவர் பெற்றோரை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவரோ அப்பாவின் நிலத்தில் பாதியை மீட்டுச் சோளம் போட்டிருக்கிறார். வழியில் மூன்று ஜெபவீடுகளைக் காட்டினார். 1990களின் நடுவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் குக்கிராமங்களுக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். ஊர் மையத்தில்தான் இன்னும் கட்டுப்பாடு அதிகம். மலைநாட்டின் பல கிராமங்களில் திருவிழா வரி கொடுக்காத வீட்டுக்குத் தண்ணீர்க் குழாயையும் மின்சாரத்தையும் வெட்டுவது இன்றும் நடக்கிறது. அவர் ஊரிலும் வெட்டினார்கள். பிறகு பேசி முடித்துக்கொண்டார்களாம்.

“என்ன முடிவு?” என்றேன்.

“ரோட்டுக்குக் கொடுப்போம், பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்போம், தண்ணீர்த் தொட்டிக்குக் கொடுப்போம். வெடிக்கும் போஷுக்கும் சல்லிக்காசு கிடையாது.”

“வாத்தியக்காரர்களுக்கு?”

கியரை மாற்றிக்கொண்டே சிரித்தார். “சபையில் சொல்லிவிடாதீர்கள். எக்காளம் ஊதுகிறவன் என் மச்சான். அவன் பங்கை மட்டும் நான் தனியாகக் கொடுத்துவிடுவேன்.”